டிரெஸ்ஸிங் அறையில் ஒரு உப்பளம்

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் தீக்காயக்காரர்களுக்குக் கட்டுப் பிரிக்கும்போது கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிவிடுகிறார்களாம். உள்ளே பனிமலை தெரியுமாம். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கத்து மலையும் தெரியுமாம். ஆள் அதில் லயித்துப்போனால் புண்ணைக் கழுவுகிற வலி அவ்வளவாக உறைப்பதில்லையாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த சமயம், சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்த இளம் டாக்டர் ஒருவர் இதையெல்லாம் சொன்னார். "இதை நாங்க கோவில்பட்டியில எப்பவோ செஞ்சாச்சு டாக்டர்" என்றேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நானும் அன்று வேலை கிடந்த கிடப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. இப்போது வேலையும் இல்லை, அவசரமும் இல்லை, சொல்கிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம், அப்படி ஒரு தெருவில் சின்ன நர்ஸிங் ஹோம். மேலும் கீழுமாகப் பன்னிரண்டு கட்டில்கள், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நாங்கள் மூன்று நர்ஸுகள். காலையில் மில் சங்கு ஊதும்போது நான் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவேன். தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் பெண்களை அடைத்துக்கொண்டு போகும். பத்து மணி வாக்கில் பக்கத்துத் தெருக்களில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்ச ஆரம்பிப்பார்கள். டெட்டால் நாற்றத்தையும் மீறி அந்த வெல்ல வாசம் டிரெஸ்ஸிங் அறை ஜன்னல் வழியாக உள்ளே வரும். எனக்கு இருபத்தேழு வயது. வாழ்க்கையில் வேறெந்த வேலையையும் அத்தனை ஆசையாகச் செய்ததில்லை. இன்றைக்கும் எங்காவது வெல்லப் பாகு வாசம் வந்தால் கை தானாகக் கையுறையைத் தேடுகிறது.

கட்டுப் பிரிக்கிறதும் கட்டுகிறதும் என் பொறுப்பு. கை சுத்தம், வாய்தான் மோசம். நோயாளிகள் ஊசியைவிட என் நாக்குக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள் என்று கம்பவுண்டர் சொல்லிச் சிரிப்பார். நாள் முழுக்க அடுத்தவர் அலறலைக் கேட்கிறவளுக்கு இரண்டே வழி. ஒன்று கூடச் சேர்ந்து அழ வேண்டும், இல்லை அதட்ட வேண்டும். அழுதால் கை நடுங்கும் என்பதால் நான் அதட்டலைப் பிடித்துக்கொண்டேன்.

பெட்டி என் அண்ணன் துபாயிலிருந்து தன் மகளுக்கு வாங்கி வந்தது. சிவப்புப் பிளாஸ்டிக்கில் இரண்டு கண்ணாடி ஓட்டை. மேலே உள்ள பிளவில், சின்னச் சின்னப் படங்கள் ஒட்டிய வட்ட அட்டையைச் செருகி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். வலப்பக்கம் இருக்கும் விசையை அழுத்தினால் 'டக்'கென்று அடுத்த படம் வரும். சாதாரணப் படமில்லை. முன்னால் இருப்பது முன்னாலும் பின்னால் இருப்பது பின்னாலுமாக, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று இருக்கும். அண்ணன் மகளுக்கு இரண்டே நாளில் சலித்துவிட்டது. கடலுக்கடியில் மீன்கள் உள்ள அட்டை ஒன்று, பனிமலை அட்டை ஒன்று, இரண்டோடும் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் குழந்தைகளுக்குத்தான் கொடுத்தேன். சுடுகஞ்சியைக் கொட்டிக்கொண்டது, தீபாவளி வெடியில் சுட்டுக்கொண்டது என்று வருகிற பிள்ளைகள் அறைக் கதவைப் பார்த்ததுமே ஊரைக் கூட்டும். பெட்டியைக் கண்ணில் வைத்து, "எத்தனை மீன் இருக்கு, எண்ணிச் சொல்லு" என்பேன். எண்ணிக்கொண்டே இருக்கும்போது நான் பாதிக் கட்டைப் பிரித்துவிடுவேன். வலி எங்கேயும் போய்விடாது. ஆனால் பிள்ளை வேறு இடத்துக்குப் போயிருக்கும். டாக்டர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு உன் பயாஸ்கோப்பு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அந்த அண்ணாச்சி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சுகிறவர். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். ஒரு நொடி முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், ஒரு நொடி பிந்தினால் கசக்கும். பட்டறைக்கே அவர் விரல்தான் கடிகாரம். அன்றைக்குப் பாகுச் சட்டியை இறக்கும்போது பிடிதுணி நழுவியிருக்கிறது. சட்டி சாய்ந்ததும், பாகு வீணாய்ப் போகிறதே என்று வலக்கையை நீட்டி ஏந்திவிட்டார். வேறு யாராக இருந்தாலும் துள்ளி விலகியிருப்பார்கள். முப்பது வருஷம் பாகோடு பழகிய கை, அதற்கு விலகத் தெரியவில்லை. பாகு உள்ளங்கையிலும் நான்கு விரல்களிலும் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் முக்கியதும் இறுகி, தோலோடு வந்தது.

டாக்டர் அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். "உள்ளங்கைப் புண் ஆறும்போது தோல் சுருங்கும்மா. தினமும் கட்டுப் பிரிச்சு, விரலை ஒவ்வொண்ணா நிமித்தி விடணும். விட்டா விரல் மடங்கி அப்படியே நின்னுரும்." அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வயிற்றுப்பாடே அந்த விரல்களில்தான் என்பதை எங்களைவிட அவர் நன்றாக அறிவார்.

முதல் ஐந்து நாளும் பெரும்பாடு. சலைன் என்றால் உப்புத்தண்ணீர்தான் என்று நான் வாயை விட்டுவிட்டேன். "புண்ணுலயா உப்பை ஊத்துதிய?" என்று அண்ணாச்சி வெலவெலத்துப் போனார். துணி ஊறி, ஒட்டிய இடம் விடுபடும்போது பல்லைக் கடிப்பார். விரலை நிமிர்த்தத் தொட்டதும் கையைப் பிடுங்கிக்கொள்வார். பெட்டியை நீட்டினேன்.

"சின்னப்புள்ள சாமானை என்கிட்ட நீட்டுதியளே சிஸ்டர்."

"அப்ப சின்னப்புள்ள மாதிரி கைய இழுக்காம இருங்க அண்ணாச்சி" என்றேன். அதுதான் என் வாய்.

ஆறாம் நாள் அவர் மனைவியே பெட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அவர் கண்ணில் வைத்தார். வலக்கை என்னிடம் இருந்ததால் விசையையும் அந்த அம்மாளே அழுத்தினார். பனிமலை அட்டை. 'டக்'.

"ஏட்டி, உங்க ஊரு உப்பளமில்லா தெரியுது இதுல" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மாளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த வீடு. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். "எங்க, பாப்போம்" என்று அவரும் ஒரு கண்ணைக் கொடுத்துப் பார்த்தார்.

"அம்பாரம் அம்பாரமா எம்புட்டு உப்பு. மேல ஓலை போட்டு மூடாமப் போட்டிருக்கான், மடப்பய. ஒரு மழைக்குத் தாங்குமா?" என்றார் அண்ணாச்சி. 'டக்'. பனியில் சறுக்குகிற ஆள் ஒருவன் வந்தான். "இந்தா நிக்கான் ஒருத்தன். உப்பு வாருத பலகையைக் காலுல கட்டிக்கிட்டு நிக்கான். ஏன்ட்டி, அதைக் கையிலல்லா பிடிப்பாவ?"

"ரெண்டு கையிலயும் கம்பு வச்சிருக்கானே, பலகையை எப்படிப் பிடிப்பான்" என்றார் அம்மாள்.

"கம்பளிச் சட்டை வேற. உப்பளத்து வெயிலுக்குக் கம்பளி."

இப்படியே போயிற்று. நான் கட்டு முழுவதையும் பிரித்து, கழுவி, ஐந்து நாளாக நிமிர்த்த விடாத விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, வெள்ளைக் களிம்பு தடவி, விரலுக்கு விரல் துணி கொடுத்துக் கட்டி முடித்தேன். இடையில் இரண்டு தரம் அவர் மூச்சை இழுத்தார். கையை இழுக்கவில்லை.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் கெடுத்தேன். அவர்களை வெளியே அழைத்துவந்து, பெஞ்சில் காத்திருந்த கூட்டத்தின் முன்னால் கம்பவுண்டரைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, அண்ணாச்சி அரைமணி நேரமா பனிமலையைப் பாத்து உப்பு உப்புங்காரு. சறுக்கி விளையாடுதவனை உப்பு வாருதான்ங்காரு" என்றேன். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கம்பவுண்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அண்ணாச்சியும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தார். அந்த அம்மாள் மட்டும் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணாச்சியின் செருப்பை எடுத்து அவர் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வலித்தால் தானாக வரட்டும் என்று இருந்தேன். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வீம்பு. இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு எட்டு போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். அண்ணாச்சி கை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது, அவர்கள் வராமல் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ஒன்பது நாளா?" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

மதியமே போனேன். கட்டுச் சாமான்களை ஒரு பையில் போட்டு, பெட்டியையும் அதில் வைத்துக்கொண்டேன். பட்டறைச் சந்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய வேட்டிக் கிழிசலைத் துவைத்துக் காயவைத்து அந்த அம்மாள் கையில் சுற்றியிருந்தார். புண்ணில் சீழ் இல்லை. அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் நான்கு விரல்களும் உள்ளே மடங்கி, எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தன.

"அண்ணாச்சி, நான் அன்னைக்குச் சிரிச்சது தப்பு" என்றேன். அப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"உக்காருங்க சிஸ்டர்" என்றார். அம்மாள் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், முகத்தைப் பார்க்காமல்.

"வலிக்குப் பயந்து வரலைன்னு நெனைக்காதிய" என்றார் அண்ணாச்சி. "பனின்னு எனக்குத் தெரியாதா? காலண்டர்ல பாக்காத பனியா? ஆனா அந்தப் பனிமலைக்கு நான் எந்த பஸ்ஸுல போவேன், எங்கன இறங்குவேன்? உப்பளம்னா எனக்குத் தெரியும். எட்டயபுரம் தாண்டி, தூத்துக்குடியில இறங்கி, நடந்தே போயிருவேன். அன்னைக்கு நான் அங்கனதான் இருந்தேன் சிஸ்டர். நீங்க எல்லார் முன்னாடியும் என்னை இறக்கி விட்டுட்டிய."

பிள்ளைகளுக்கு எத்தனை மீன் என்று கேட்டுப் பழகியவளுக்கு, பெரிய மனிதர் ஒருவர் படத்துக்குள் எப்படிப் போகிறார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பையிலிருந்து பெட்டியை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. பிறகு முந்தானையால் அதன் கண்ணாடிகளைத் துடைத்தார்.

மறுநாளிலிருந்து கடைசி ஆளாக அவர்களை வரச் சொன்னேன். கதவைச் சாத்திவிடுவேன். கம்பவுண்டர் உட்பட யாருக்கும் அனுமதி இல்லை. மடங்கிய விரலை நிமிர்த்துவது முதல் தடவையைவிடக் கொடுமை. இறுகின தோல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெடித்துத்தான் வழிவிடும். நான் விரலைப் பிடித்ததும் அவர் சொல்வார், "ஏட்டி, அழுத்து."

'டக்'. பஸ் ஏறிவிடுவார்கள். எட்டயபுரம் வரும், கரிசக்காட்டில் பருத்தி வெடித்திருக்கும், ஊர் நெருங்க நெருங்கக் காற்றில் கடல் நாறும். பெண் பார்க்கப் போன கதை வரும். அண்ணாச்சி தன் தாய்மாமனோடு போனபோது பெண்ணின் அப்பா உப்பளத்தில் இருந்திருக்கிறார். வேலை முடியட்டும் என்று இவர்களையும் அங்கேயே நிற்க வைத்துவிட்டார்கள். பெண் தலையில் உப்பு நிறைந்த ஓலைக் கூடையோடு வரப்பில் நடந்து வருகிறாள். வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் கூச, மாப்பிள்ளைக்குக் கண்ணீராய்க் கொட்டுகிறது.

"பொண்ணைப் பாத்ததும் மாப்பிள்ளை அழுதுட்டாராம்னு ஊரெல்லாம் பேச்சு சிஸ்டர்" என்றார் அம்மாள்.

"வெயிலு கூசிச்சின்னு ஆயிரம் மட்டம் சொல்லியாச்சி."

"கூட வந்த மாமனுக்கு ஏன் கூசலை?"

மோதிர விரலை நான் நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்து, பெட்டிக்கு அடியில் கன்னத்தில் நீர் இறங்கியது. அந்த அம்மாள் அதை முந்தானையால் ஒற்றிவிட்டு, மெதுவாகக் கேட்டார். "இப்பவும் வெயிலுதான் கூசுதா?"

"ஆமா" என்றார் அவர். "அடுத்ததை அழுத்து."

அந்த மாதிரி ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் நான் யாரையும் அதட்டியதாக நினைவில்லை. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியே பாகு வாசம் வர, அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பேசுவதைக் கேட்டபடி வேலை செய்த சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒருநாள் மழை. வெளிச்சம் போதாமல் பெட்டியில் படமே தெரியவில்லை. "பரவாயில்ல, கண்ணை மூடிக்கிடுதேன். நீ சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார் அண்ணாச்சி. அவரும் சொன்னார். அன்றைக்கும் கை என்னிடமே இருந்தது.

புண் ஆறியது. கட்டைவிரலுக்கு முதலிலேயே ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுக்க நிமிர்ந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியில் நின்றுவிட்டன. மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். "பதம் பாக்க மூணு போதும் சார்" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி. மறுமாதமே பட்டறை அடுப்படியில் நின்றார். அவர் போன பிறகு நான் டாக்டரிடம் கேட்டேன், அந்த ஒன்பது நாள் விடாமல் வந்திருந்தால் அந்த இரண்டும் நிமிர்ந்திருக்குமா என்று. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "நிமிந்திருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பட்டறை வழியாகப் போகும்போதெல்லாம் அண்ணாச்சி வாய் நிறையக் கூப்பிடுவார். ஒரு தடவைகூட அந்த ஒன்பது நாளைப் பற்றி அவர் பேசியதில்லை. டாக்டர் என்னிடம் சொன்னதை நானும் அவரிடம் சொல்லவில்லை. பல தடவை சொல்ல வாயெடுத்து, ஊருக்கே தெரிந்த என் வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை.

சில வருஷம் கழித்துத் திருநெல்வேலியில் வேலை கிடைத்து நான் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பிய அன்று, இரண்டு பேரும் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். அம்மாள் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு நடுவே நான் அவருடைய வலக்கையை எடுத்து மடியில் வைத்து, அந்த இரண்டு விரல்களையும் நீவி நீவி நிமிர்த்தப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பழைய வடு, கல் மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இந்த ரெண்டு விரலு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சிஸ்டர்" என்றார். "டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாவ."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ரயில் வரும்வரை நான் நீவிக்கொண்டே இருந்தேன்.